காலிக் குழாயின் சுருதி

அக்டோபர் 9, திங்கள்

கோடப்பாறை வந்து சேர்ந்தேன். கோயம்புத்தூரில் கிளம்பும்போது நல்ல வெயில். இங்கே எதிரில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு மூட்டம்.

மேலே அணை, கீழே மின் நிலையம். இரண்டுக்கும் நடுவே மலைச்சரிவில் இரண்டு இரும்புக் குழாய்கள் இறங்குகின்றன. நெட்டையான ஆள் உள்ளே குனியாமல் நடக்கலாம். ஆனால் தகட்டின் கனம் என் சுண்டுவிரல் நகத்து அகலம்தான். அவ்வளவு மெல்லிய சுவர் அத்தனை தண்ணீரைத் தாங்கி இறக்குகிறது. மழைக்காலத்துக்குப் பிறகு இரண்டாம் குழாய் மட்டும் அதிகமாக அதிர்கிறது என்று நிலையத்திலிருந்து எங்கள் கம்பெனிக்கு எழுதியிருந்தார்கள். அளந்து காரணம் சொல்வது என் வேலை.

உதவிப் பொறியாளர் சகாயநாதன் வந்து அழைத்துப் போனார். "தனியாவா வந்தீங்க மேடம்?" என்றார். கருவிப் பெட்டிகளைக் காட்டி, "இதுங்க இருக்கே துணைக்கு" என்றேன். சிரித்தார். நல்ல மனிதர்.

விருந்தினர் விடுதி குழாய்களிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. சமையல் ரெஜினா அக்கா. சின்ன வயதில் சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். அவர் வீட்டுக்காரர் கனகு, குழாய்க்கு பெயின்ட் அடிக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி.

மலை ஏறியதில் தலைவலி. இடது பக்கம் மட்டும். மாத்திரை போட்டேன். கணவர் தயாளன் போனில் அழைத்தார். "சாப்பிட்டியா?" என்றார். "சாப்பிட்டேன்" என்றேன். தலைவலியைப் பற்றிச் சொல்லவில்லை. சிக்னல் சரியில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

நாள் முழுக்கக் குழாயோடு. கம்பி வடம் இழுக்கும் விஞ்ச் பெட்டியில் உட்கார்ந்து சரிவில் ஏறி இறங்கி, இடத்துக்கு இடம் சென்சார் ஒட்டி அளந்தேன்.

குழாய் எப்படி அதிரும் என்று சகாயநாதன் கேட்டார். டீ வந்த எவர்சில்வர் டம்ளரைக் காலி செய்து கரண்டியால் தட்டிக் காட்டினேன். கணீரென்றது. தண்ணீர் ஊற்றித் தட்டினேன். சத்தம் கனத்து இறங்கியது. மெல்லிய சுவர் அசையும்போது, ஒட்டியிருக்கும் தண்ணீரையும் சுமந்துகொண்டு அசைய வேண்டியிருக்கிறது, அதனால் மெதுவாகிவிடுகிறது. குழாயும் அப்படித்தான். அதன் வட்டம் முட்டை வடிவாக நசுங்கி, திரும்ப வட்டமாகி, அடுத்த பக்கம் முட்டையாகிறது. நொடிக்குப் பல தடவை. கண்ணுக்குத் தெரியாது, கை வைத்தால் தெரியும்.

"மூச்சு விடுற மாதிரி இருக்கு" என்றார் குழாயில் கை வைத்துப் பார்த்து. கையைச் சட்டென்று எடுத்துவிட்டார்.

அதிர்வு எல்லா இடத்திலும் ஒன்றுபோல இல்லை. சரிவின் பாதியில், குழாயை மலையோடு பிடித்து நிறுத்தும் ஏழாவது கான்கிரீட் கட்டையருகே மிக மோசம். அங்கே குழாய் வளைகிறது. உள்ளே ஏதோ கிடந்து தண்ணீரின் வழியை மறிக்கிறது என்று தோன்றுகிறது. ஆகஸ்டில் அணைப் பக்கம் மண் சரிந்ததாம், தடுப்புக் கம்பிவலை கிழிந்ததாம். "அப்பவே புது வலை போட்டாச்சு மேடம்" என்றார் சகாயநாதன். வலை கிழிந்ததற்கும் புது வலை போட்டதற்கும் நடுவில் உள்ளே போனது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

நாளை நிலையத்தை வருடாந்தரப் பராமரிப்புக்காக நிறுத்துகிறார்கள். குழாயை வடித்துவிட்டு, உள்ளே பெயின்ட் அடிக்க ஆட்கள் இறங்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு.

அக்டோபர் 12, வியாழன்

நேற்று மாலை இரண்டு குழாய்களையும் வடித்துவிட்டார்கள். மேலே வால்வு மூடியாயிற்று, கீழே வடிகால் திறந்தாயிற்று. தண்ணீர் பாய்ந்து ஓய்ந்து, கடைசியில் சொட்டு மட்டும்.

எழுபது எண்பது வருடமாக இந்த மலையில் இருக்கும் இரைச்சல். அது நின்றதும் மலையே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது போல் இருக்கிறது. மரத்திலிருந்து பனி சொட்டுவது தனித்தனியாகக் கேட்கிறது. ரெஜினா அக்கா சமையலறையில் மெதுவாகப் பேசுகிறார், தூங்குகிற பிள்ளை இருக்கும் வீடு மாதிரி.

ஏழாவது கட்டையருகே நிற்கும்போதுதான் கேட்டது. ஒரு ரீங்காரம். ஏறி, இறங்கி, ஏறி. காலிக் குழாய்க்குள்ளிருந்து.

கனகு அண்ணன் பக்கத்தில் நின்று ஏணி கட்டிக்கொண்டிருந்தார். "கேக்குதாண்ணே?" என்றேன்.

"என்னது மேடம்?"

குழாயில் காது வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "சில்லுன்னு இருக்கு மேடம். வேற ஒண்ணும் இல்லீங்க" என்றார். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அக்டோபர் 13, வெள்ளி

ரப்பர் தலைச் சுத்தியலால் தட்டி அளந்தேன். காலிக் குழாய் கணீரென்று உயர்ந்த சுருதியில் பேச வேண்டும். ஏழாவது கட்டைக்குக் கீழே அப்படித்தான் பேசுகிறது. கட்டைக்கு மேலே கொஞ்ச தூரம் மட்டும் கனத்த, தாழ்ந்த சுருதி. அதற்கும் மேலே போனால் மறுபடி கணீர்.

சென்சாரை மாற்றினேன், ஒயரை மாற்றினேன். மாறவில்லை. காலிக் குழாயின் நடுவில் ஒரு துண்டு மட்டும் நிறைகுழாயின் குரலில் பேசுகிறது.

சகாயநாதனிடம் சொன்னேன். "சேறு கொஞ்சம் தங்கியிருக்கும் மேடம். வடிகால்ல ஒரு சொட்டு வரலியே" என்றார். ரீங்காரத்தைப் பற்றியும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அக்டோபர் 14, சனி

குழாயில் மைக் ஒட்டி வைத்துப் பதிவு செய்தேன். பதிவில் ஒன்றுமில்லை. நான் அங்கேயேதான் நின்றேன். எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அக்டோபர் 15, ஞாயிறு

வேலை கிடையாது. சாப்பாட்டு அறையிலும் கேட்டது. குளியலறையில் குழாயைத் திறந்தால் மறைகிறது, மூடினால் வருகிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் அதிகம். தலையணையில் பஞ்சு ஒழுங்காக இல்லை. ரெஜினா அக்காவிடம், "இங்க மோட்டார் ஏதாவது ஓடுதா?" என்று கேட்டேன். "கரண்டே இல்லீங்களே மேடம்" என்றார்.

சரியான தூக்கமில்லை, தண்ணீரும் குறைவாகக் குடிக்கிறேன். அதுதான் தலைவலிக்குக் காரணம். அப்பாவுக்குக்கூடத் தலைவலி இருந்ததாக யாரும் சொன்னதில்லை. வங்கியில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

மத்தியானம் சும்மா இருக்க முடியாமல் சுத்தியலை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனேன். யாருமில்லை. மூட்டம் குழாயின் மேல் ஊர்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஏழாவதுக்கு அடுத்து மேலே இருக்கும் எட்டாவது கட்டையருகே தட்டினேன். வெள்ளிக்கிழமை கணீரென்ற இடம். இப்போது தொம்மென்றது.

இன்னும் மேலே ஏறித் தட்டினேன். தொம். இன்னும் மேலே. அங்கேதான் கணீர் என்றது.

ஏதோ உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது. வடித்து, மூடி, காலி என்று எழுதி வைத்த குழாய்க்குள், சரிவில் மேல்நோக்கி.

நான் வேகமாகத் திரும்பி வரவில்லை. பாதை வழுக்கல், அதனால் நிதானமாகத்தான் வந்தேன். சுத்தியலை வரும் வழியிலேயே, ஏழாவது கட்டையருகே, விட்டுவிட்டதை அறைக்கு வந்த பிறகுதான் பார்த்தேன்.

அக்டோபர் 16, திங்கள்

காலை முதல் கனமழை. சரிவுப் பக்கம் யாரும் போக முடியவில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்து சகாயநாதனிடம் அளவுப் படங்களைக் காட்டினேன். எனக்குத் தோன்றியதைச் சொன்னேன்: வளைவில் மரமும் மண்ணும் சிக்கி, வடித்தபோது அழுந்தி, தக்கை மாதிரி அடைத்துக்கொண்டிருக்கிறது. மேல் வால்வு பழசு, கசிகிறது. கசிகிற தண்ணீர் தக்கைக்கு மேலே சேர்ந்து நாளுக்கு நாள் ஏறுகிறது. ஆட்கள் இறங்கப் போகிற மேன்ஹோல் அந்தத் தக்கைக்குக் கீழே இருக்கிறது.

அவர் படங்களை நெடுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அன்னைக்குச் சத்தம் கேக்குதுன்னீங்க. கனகுக்குக் கேக்கல, மைக்லயும் வரல. நேத்து கெஸ்ட் ஹவுஸ்லயும் கேக்குதுன்னீங்களாம், ரெஜினா சொல்லுச்சு. நான் மேல என்னன்னு எழுதுவேன்? புதன்கிழமை ஆள இறக்கலைன்னா ஆயுத பூஜைக்குள்ள வேலை ஆகாது. எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியர் என்னைத்தான் கேப்பாரு."

நான் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. ஒரு சத்தத்தை இல்லாத இடத்தில் கேட்டவள், இன்னொரு சத்தத்துக்கு எப்படிச் சாட்சி சொல்வது? சுத்தியலின் தொம் சத்தமும் என் காதில்தானே விழுந்தது? படங்களில் இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். அந்தப் படங்களையும் என் கண்ணால்தான் பார்க்கிறேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

இன்றும் மழை. காலையில் எழுந்தபோது இடது கண்ணோரம் மங்கல். கண்ணாடியைத் துடைத்தேன். கண்ணாடியில் ஒன்றுமில்லை.

ரெஜினா அக்கா நான் சாப்பிடாமல் எழுந்ததைப் பார்த்துவிட்டு, தைல பாட்டிலோடு வந்து என்னை ஸ்டூலில் உட்கார வைத்தார். நெற்றியில் தேய்த்தார், பிடரியில் தேய்த்தார். இடது காதுக்குப் பின்னால் வந்ததும் கை நின்றுவிட்டது.

"மேடம், போன் ஏதும் அடிக்குதுங்களா?"

"இல்லையே."

அவர் குனிந்தார். அவருடைய காது என் தலையில் பட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார். பிறகு நிமிர்ந்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மேடம்… அந்தச் சத்தம் பைப்ல இல்லீங்க. உங்களுக்குள்ள ஓடுது."

"என்னன்னு கேட்டுச்சு?"

"புஸ்ஸு… புஸ்ஸுன்னு. மதகுல தண்ணி போறாப்ல."

மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். ரீங்காரத்தின் ஒவ்வொரு ஏற்றமும் ஒவ்வொரு நாடித் துடிப்பு. காதுக்குப் பின்னால் ஓர் இடத்தில் விரலை அழுத்தினேன். நின்றது. எடுத்தேன். வந்தது. இந்த வேலையில் இத்தனை வருடம் மெல்லிய சுவர்களைத்தான் படித்திருக்கிறேன். உள்ளே ஓடுவது ஓர் இடத்தில் முறை தவறிப் பீறிட்டால் சுவர் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

"ஜீப்ப வரச் சொல்றேன். இப்பவே கீழ எறங்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்றார் அக்கா. அழுதுகொண்டிருந்தார்.

"நாளைக்குக் கனகு அண்ணன் உள்ள இறங்குறாரு அக்கா."

"அதான் பைப்ல சத்தம் இல்லைன்னு ஆயிருச்சே?"

"ரீங்காரம் இல்லை. அது என்னோடது. ஆனா தட்டினா வர்ற சத்தம் என்னோடது இல்லை. இப்பத்தான் எனக்கு ரெண்டையும் பிரிக்கத் தெரியுது."

அக்கா ஸ்டூல் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போங்கள் என்று சொல்லவும் முடியவில்லை, இருங்கள் என்று சொல்லவும் முடியவில்லை. ஜீப்பை நாளைக்கு வரச் சொன்னேன். சகாயநாதனின் போன் கிடைக்கவில்லை. மழையில் கம்பி அறுந்திருக்கிறதாம்.

தயாளனுக்கும் போன் போகவில்லை. போயிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

அக்டோபர் 18, புதன்

மழை விட்டிருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மேன்ஹோல் மூடியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். கறுப்பாக ஒரு வாய். கனகு அண்ணனும் இன்னும் நான்கு பேரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் உள்ளே விளக்கை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரெஜினா அக்கா வீட்டில் சொல்லியிருக்க வேண்டும், கனகு அண்ணன் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் சகாயநாதனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"மேடம், ஆளுங்கள பயமுறுத்தாதீங்க."

"சார், நீங்க திங்கக்கிழமை சொன்னது சரி. நான் கேட்ட சத்தம் குழாய்ல இல்லை. என் தலைக்குள்ள ரத்தக்குழாய்ல. ரெஜினாக்காவும் கேட்டாங்க. வேலை முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

அவர் ஆட்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அதனால என் காதை நம்பாதீங்க. நீங்களே தட்டிப் பாருங்க." ஞாயிற்றுக்கிழமை விட்டுவிட்டுப் போன சுத்தியல் மழையில் ஊறிக் கிடந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

தட்டினார். மேன்ஹோலருகே கணீரென்றது. கட்டையைத் தாண்டி மேலே ஏறினார். நாங்கள் எல்லாரும் பின்னாலேயே ஏறினோம். தட்டினார்.

தொம்.

அவருக்கே நம்பிக்கை வரவில்லை. ஓடிக் கீழே இறங்கி ஒருமுறை தட்டினார், கணீர். மூச்சு வாங்க மேலே வந்து தட்டினார், தொம். எட்டாவது கட்டை வரை போனார். தொம். ஒன்பதாவது வரை போனார். அங்கேயும் அதேதான். மூட்டத்துக்குள்ளிருந்து ஆள் தெரியவில்லை, அந்தச் சத்தம் மட்டும் இறங்கி வந்தது. யாரோ கனத்த கதவை உள்பக்கமிருந்து தட்டுவது போல.

"சேறு இவ்வளவு தூரத்துக்கு நிக்காதுங்களே சார்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

ஏழாவது கட்டைக்குச் சற்று மேலே, அழுத்தமானி பொருத்துவதற்கென்று ஒரு திருகு இருந்தது. துருவேறிக் குழாயோடு ஒன்றாகிவிட்டிருந்தது. கனகு அண்ணன் பெரிய பைப் ரிஞ்ச்சைப் போட்டுத் தொங்கினார். இருவர் சேர்ந்து தொங்கினார்கள். திருகு முனகியது. அரைச் சுற்று வந்ததும் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கம்பி மாதிரி தண்ணீர் சீறியது. முழுதாகக் கழன்றபோது திருகு எங்கோ பறந்து போயிற்று. பழுப்புத் தண்ணீர் ஆள் உயரத்துக்கும் மேலே வளைந்து சரிவில் விழுந்தது. குறையவேயில்லை.

கனகு அண்ணன் நனைந்தபடி நின்று கீழே திறந்து கிடந்த மேன்ஹோலைப் பார்த்தார். பிறகு மற்ற நான்கு பேரையும் பார்த்தார்.

சகாயநாதன்தான் முதலில் சுதாரித்தார். "எல்லாரும் விலகிப் போங்க! பைப் பக்கம் ஒருத்தன் நிக்கக் கூடாது!" என்று கத்திக்கொண்டே ஓடினார். கீழே நிலையத்துக்கும் ஆள் அனுப்பினார்.

நாங்கள் எதிர்ச் சரிவில் தேயிலைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்துத் திருகுத் துளையின் தண்ணீர் திடீரென்று தணிந்தது. வடிந்துவிட்டது என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் குழாய் முழுவதும் நடுங்கியது. தரை வழியாக என் காலுக்கு வந்தது. மேன்ஹோல் வாயிலிருந்து முதலில் காற்று வந்தது, மாடு கதறுவது போன்ற ஒரு நீளமான சத்தம். அப்புறம் சேறு, கல், மரக்கிளைகள். இறக்கி வைத்திருந்த விளக்கும் ஏணியும் வானத்தில் போயின. ஆள் கனத்தில் ஒரு மரத்துண்டு வாயில் குறுக்காகச் சிக்கி, முறிந்து, இரண்டு துண்டாக வந்து விழுந்தது.

கனகு அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்திருப்பது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

இதை ஜீப்பில் எழுதுகிறேன். எழுத்து கோணலாகப் போகிறது. சாலை அப்படி. பக்கத்தில் ரெஜினா அக்கா. வேண்டாம் என்றாலும் ஏறிக்கொண்டார். இரண்டு தடவை வாந்தி. மலைப்பாதை வளைவுகள்.

அக்டோபர் 20, வெள்ளி

கோயம்புத்தூர், மருத்துவமனை. காதுக்குப் பின்னால் ஓரிடத்தில் தமனி நேராகச் சிரையில் திறந்திருக்கிறது என்றார் டாக்டர். அவ்வளவு வேகத்தைத் தாங்கும்படி சிரையின் சுவர் அமைந்ததில்லை. தொடைவழியாக மெல்லிய குழாய் விட்டு அடைத்துவிடலாமாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் என்று ஆரம்பித்தவர் தயாளன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அப்பாவுக்கும் இதுவாக இருந்திருக்குமா என்று கேட்டேன். இப்போது சொல்ல முடியாது என்றார்.

சகாயநாதன் போன் செய்தார். உள்ளே ஒரு சில்வர் ஓக் மரம் வேரோடு இருந்ததாம். "அஞ்சு பேர் மேடம்" என்றார். மறுபடியும் "அஞ்சு பேர்" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

அக்டோபர் 23, திங்கள்

நாளைக் காலை சிகிச்சை. ஆயுத பூஜைக்காக நர்ஸ் ஒவ்வொரு கருவிக்கும் பொட்டு வைத்துக்கொண்டு போகிறாள். தூங்க வேண்டும் என்கிறார்கள்.

அக்டோபர் 27, வெள்ளி

கண் விழித்ததும் முதலில் தெரிந்தது சத்தமில்லை என்பதுதான். மின் நிலையம் நின்ற அன்று மலை இருந்தது போல. செத்துவிட்டேனோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. இதைத் தயாளனிடம் சொல்லவில்லை.

இன்று வீட்டுக்கு வந்தோம். மத்தியானம் தயாளன் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்லணும். கோவப்படாத."

"சொல்லுங்க."

"போன தை மாசத்துல இருந்து எனக்கு ஒரு சத்தம் கேட்டுச்சு. உன் பக்கத்துல படுத்தா. கீழ் வீட்டு வக்கீல் மோட்டார்னு நெனச்சு ரெண்டு தடவ அவரோட சண்ட போட்டேன். அவரு மோட்டாரையே மாத்திட்டாரு. அப்பவும் கேட்டுச்சு. எனக்குத்தான் மண்டையில ஏதோ கோளாறுன்னு பயந்துட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது? ஹால்ல போய்ப் படுத்தா கேக்கல. அதான்…"

அவர் ஹாலில் படுக்கத் தொடங்கியதற்கு நான் வேறு காரணம் வைத்திருந்தேன். இத்தனை மாதமாக அந்தக் காரணத்தோடுதான் சாப்பாடு போட்டேன், பேசினேன், வெளியூர் வேலை வந்தால் உடனே ஒப்புக்கொண்டேன்.

"அப்பவே உனக்கும் கேட்டுச்சாம்மா?" என்றார்.

"இப்ப கேட்டுப் பாருங்க" என்று தலையைத் திருப்பிக் காட்டினேன்.

என் காதுக்குப் பின்னால், படாமல் பட்டு, தன் காதை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டும் அவர் தலையை எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி நானும் சொல்லவில்லை.